பயறு டப்பாவில் ஒரு பெண் வண்டு: ஒரு முறை போதாதா?

கேள்வி இது: "பச்சைப் பயறு டப்பாவில் வண்டு விழுந்திருந்தது. தட்டில் கொட்டிப் பார்த்தபோது ஒரே பெண் வண்டு அடுத்தடுத்து இரண்டு ஆண்களோடு இணைசேர்ந்தது. ஒரு முறை சேர்ந்தாலே எல்லா முட்டைகளுக்கும் போதுமான விந்து கிடைத்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்புறம் எதற்கு இன்னொரு ஆண்? பெண் பூச்சி உண்மையிலேயே துணையைத் தேர்ந்தெடுக்கிறதா, இல்லை, வந்தவனோடு சேர்கிறதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அந்தத் தேர்வில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் படாத இடத்தில், சேர்ந்து முடித்த பிறகு அவள் உடலுக்குள் நடக்கிறது. பல ஆண்களோடு சேர்வதற்கு எல்லாப் பூச்சிக்கும் பொருந்தும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஒவ்வொரு பூச்சியாக எடுத்துத்தான் கேட்க வேண்டும். நல்லவேளையாக, நீங்கள் தட்டில் பார்த்த அந்தப் பயறு வண்டு இந்த விஷயத்தில் உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட பூச்சிகளில் ஒன்று.

"ஒரு முறை போதும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1948-இல் இங்கிலாந்தில் ஆங்கஸ் பேட்மன் என்பவர் பழ ஈக்களைப் புட்டிகளில் சில ஆண், சில பெண் என்று விட்டு, பிறந்த குஞ்சுகளின் உடல் அடையாளங்களை வைத்து யாருக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கெடுத்தார். அதிகப் பெண்களோடு சேர்ந்த ஆணுக்குப் பிள்ளைகள் கூடின. அதிக ஆண்களோடு சேர்ந்த பெண்ணுக்கு அப்படிப் பெரிதாகக் கூடவில்லை. ஆண் அலைவான், பெண் ஒருவனோடு நின்றுகொள்வாள் என்ற பாடம் அங்கிருந்துதான் பாடப்புத்தகங்களுக்குள் போனது. நானும் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன், சில வருடங்கள் அப்படியே சொல்லியும் கொடுத்தேன்.

2012-இல் பட்ரீஷியா கோவாட்டியும் அவருடைய குழுவினரும் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். பேட்மன் அடையாளத்துக்காகப் பயன்படுத்திய உடல் குறைகள் சில, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குஞ்சுக்கு வந்தால் அது வளராமலே செத்துவிடுகிறது என்று தெரிந்தது. செத்தவை கணக்கில் வராது. அதாவது எண்ணும் முறையிலேயே ஓட்டை இருந்தது. பேட்மன் சொன்னது முழுக்கத் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அத்தனை பெரிய முடிவைத் தாங்கும் பலம் அந்தச் சோதனைக்கு இல்லை என்பது என் கருத்து.

இன்னொரு பக்கத்தில் 1970-இல் ஜெஃப் பார்க்கர் ஒரு புதிய வாசலைத் திறந்தார். அவர் பார்த்தது மாட்டுச் சாணத்தில் மொய்க்கும் மஞ்சள் சாண ஈக்களை. பெண் பூச்சியின் உடலில் விந்தைச் சேமித்து வைக்க ஒரு பை இருக்கிறது. சேர்ந்த அன்றே கருவாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முட்டை வெளியே வரும் நேரத்தில் பையிலிருந்து கொஞ்சம் விந்து இறங்கும். அப்படியென்றால் இரண்டு ஆண்களின் விந்து ஒரே பையில் இருந்தால் என்ன ஆகும்? சாண ஈயில் கடைசியாகச் சேர்ந்த ஆணுக்கே ஐந்தில் நான்கு பங்கு முட்டைகள் போகின்றன. அதனால்தான் அந்த ஆண் ஈ சேர்ந்து முடித்த பிறகும் இறங்காமல், பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை மேலேயே நின்று காவல் காக்கிறது. ஆண்களின் போட்டி சேர்க்கையோடு முடிவதில்லை, பெண்ணின் வயிற்றுக்குள்ளும் தொடர்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

1979-இல் ஜோனதன் வாகே ஊசித்தட்டானில் கண்டது இன்னும் திகைக்க வைக்கும். கருப்பு இறக்கையுள்ள ஒரு வட அமெரிக்க ஊசித்தட்டான் அது. ஆணின் உறுப்பில் பின்னோக்கி வளைந்த கொக்கிகளும் மயிர்களும் இருக்கின்றன. தன் விந்தைச் செலுத்துவதற்கு முன்னால், முன்பு வந்தவன் விட்டுப் போன விந்தை அதனால் வழித்து வெளியே எடுத்துவிடுகிறது, கிட்டத்தட்ட முழுவதையும். குளக்கரையில் தட்டான் ஜோடி வளையமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

ஆனால் கவனியுங்கள், இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் கதை. பெண்ணின் உடல் ஏதோ காலி மைதானம், அதில் ஆண்கள் மோதிக்கொள்கிறார்கள் என்பது போல இருக்கிறது. பல வருடங்கள் ஆய்வாளர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். சரி, இப்போது அவள் பக்கம் வருவோம். அதற்கு உங்கள் சமையலறையே போதும்.

ரவையிலும் மைதாவிலும் வருமே சின்னச் செவ்வண்டு, மாவு வண்டு, அதிலிருந்து தொடங்குகிறேன். ஆண் மாவு வண்டு பெண்ணின் முதுகில் ஏறிச் சேரும்போது சும்மா இருப்பதில்லை. தன் கால்களால் அவளுடைய இறக்கை மூடியின் ஓரங்களை விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். வேகமாகத் தேய்க்கும் ஆணுக்கு அதிகப் பிள்ளைகள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாகத் தேய்க்கும் ஆண் நல்ல திடகாத்திரமானவனாக இருக்கலாம், அவனுடைய விந்தே வலுவானதாக இருக்கலாம். அப்படியானால் பெண் எதையும் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது.

2000-இல் மார்ட்டின் எட்வர்ட்சனும் யோரான் ஆர்ன்க்விஸ்டும் இதைப் பிரித்துப் பார்த்த விதம் அழகானது. சில ஆண் வண்டுகளின் கால் நுனியை வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்கள் வழக்கம்போலவே காலை ஆட்டின, ஆனால் கால் பெண்ணின் மேல் படவில்லை. ஆணின் வலு, வேகம், விந்து எல்லாம் அப்படியே இருக்கிறது, அவள் உணர்வது ஒன்றுதான் இல்லை. முடிவு என்ன? கால் பட்ட ஆண்களில் வேகத்துக்கு ஏற்ப அப்பா ஆகும் வாய்ப்பு கூடியது. கால் படாத ஆண்களில் எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் அந்தத் தொடர்பே இல்லை. தேய்ப்பதை அவள் உணர்ந்தால்தான் அவனுடைய விந்துக்கு முன்னுரிமை. இதற்குப் பெயர் மறைமுகத் தேர்வு. சேர ஒப்புக்கொள்வது ஒன்று, யாருடைய விந்தைப் பயன்படுத்துவது என்பது இன்னொன்று. இரண்டாவது முடிவை அவள் உடல் எடுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் பயறு வண்டு. சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். பெண் சற்றுப் பெரியது, வால் பக்கத்தில் கருப்புப் பட்டைகள் தெரியும். முட்டையைப் பயறின் மேல் ஒட்டும். பொரித்த புழு நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும். உளுத்துப்போன பயறு என்று நாம் ஒதுக்குவது அதைத்தான். வண்டாக வெளியே வந்த பிறகு டப்பாவுக்குள் அதற்குச் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்து வைத்ததுதான் ஆஸ்தி. ஒரு வாரம், பத்து நாள், அவ்வளவுதான் ஆயுள். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு கைக்கண்ணாடி இருந்தால் ஜோடியை உற்றுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் பெண் அசையாமல் இருப்பாள். பிறகு திடீரென்று பின்னங்கால்களால் ஆணை உதைக்கத் தொடங்குவாள். சும்மா தட்டுவது போல இல்லை, மாறி மாறி, பலமாக. ஆண் பின்னால் சாய்ந்து, கழற்ற முடியாமல் இழுபட்டுக்கொண்டிருப்பான். நான் முதல் தடவை பார்த்தபோது ஏதோ தவறாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் எல்லா ஜோடியிலும் அதே காட்சி.

காரணம், ஆண் பயறு வண்டின் உறுப்பு நுனியில் கூர்மையான முட்கள் இருக்கின்றன. ஹெலன் கிரட்ஜிங்டனும் மைக் சிவா-ஜோதியும் 2000-இல் பெண் வண்டுகளின் இனப்பெருக்கப் பாதையைத் திறந்து பார்த்தபோது உள்ளே காயத் தழும்புகள் இருந்தன. பெண்ணை உதைக்க விடாமல் தடுத்தால் சேர்க்கை நீண்டது, காயமும் பெரிதானது. இரண்டு முறை சேர்ந்த பெண்கள், ஒரு முறை சேர்ந்தவர்களைவிடச் சீக்கிரம் இறந்தன. உதைப்பது அவளுடைய தற்காப்பு.

முட்கள் எதற்கு? 2012-இல் ஆர்ன்க்விஸ்டின் குழு லேசர் கொண்டு சில ஆண்களின் முட்களை மட்டும் குறைத்துப் பார்த்தது. முள் குறைந்த ஆணுக்குப் பிள்ளைகளும் குறைந்தன. நீண்ட முள்ளுள்ள ஆணின் விந்துத் திரவத்திலிருந்து அதிகப் பொருள்கள் காயங்களின் வழியே பெண்ணின் உடல் திரவத்தில் கலக்கின்றன. ஆணுக்கு லாபம், பெண்ணுக்குக் காயம்.

இப்போது உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இவ்வளவு சேதம் என்றால், ஒரு முறை போதும் என்றால், அவள் ஏன் இரண்டாவது ஆணை ஏற்க வேண்டும்?

பதில் நான் சொன்ன அந்தக் கடைசி விவரத்தில் இருக்கிறது. பயறு டப்பா ஒரு பாலைவனம். ஆண் பயறு வண்டு ஒரு முறை செலுத்தும் திரவம் அதன் உடல் எடைக்குப் பொருத்திப் பார்த்தால் மிக அதிகம், அதில் பெரும்பகுதி தண்ணீர். எட்வர்ட்சன் 2007-இல் எளிமையாக ஒன்றைச் செய்தார். சில பெண் வண்டுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்தார், சிலவற்றுக்கு வைக்கவில்லை. தண்ணீர் கிடைத்த பெண்கள் குறைவாகவே மறுபடி சேர்ந்தன. அதாவது தாகம் எடுத்தவள்தான் மறுபடி சேர்கிறாள். இரண்டே ஆண்டுகளில் வேறொரு குழுவும் இதைச் சோதித்து, அவள் தேடுவது திரவத்தில் உள்ள சத்தைவிடத் தண்ணீரைத்தான் என்று காட்டியது. நீங்கள் தட்டில் பார்த்த அந்த இரண்டாவது ஆண், அவளுக்கு ஒரு மிடறு தண்ணீராக இருந்திருக்கலாம்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு நேரடி சொந்தமும் உண்டு. பயறு வண்டு ஆய்வுகளில் 'தென்னிந்திய வம்சம்' என்று ஒன்று அடிக்கடி வரும். 1979-இல் திருநெல்வேலியில் பாசிப்பயறு, உளுந்து காய்களிலிருந்து பிடித்த வண்டுகளின் வழித்தோன்றல்கள் அவை. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயறிலேயே வளர்க்கப்பட்டன. அந்த வம்சத்துப் பெண்ணின் நுணுக்கம் பார்க்க வேண்டிய ஒன்று. ஏற்கெனவே முட்டை ஒட்டிய பயறை ஒதுக்கி, காலியான பயறாகத் தேடித் தேடி ஒட்டுவாள். சின்னப் பயறுக்குள் இரண்டு புழு இருந்தால் ஒன்றுதான் பிழைக்கும் என்பதால். ஆணைத் தேர்வதோடு அவள் தேர்வு முடிந்துவிடுவதில்லை, பிள்ளைக்கு வீடு தேர்வதும் அவள்தான்.

சுவர்க்கோழியில் காரணம் முற்றிலும் வேறு. ஆண் சுவர்க்கோழி விந்தை ஒரு சின்னப் பொதியாகக் கட்டிப் பெண்ணின் வால் பக்கத்தில் வெளியே ஒட்டிவிடும். விந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். பிடிக்காத ஆணின் பொதியைப் பெண் பாதியிலேயே பிடுங்கித் தின்றுவிட முடியும். ஆகவே ஆண் பக்கத்திலேயே நின்று காவல் காக்கும். இங்கே தேர்வு எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது பாருங்கள்.

ஆனால் இதைவிட ஆழமானது ட்ரெகென்ஸாவும் நினா வெடெல்லும் 2002-இல் காட்டியது. அவர்கள் எடுத்தது இரண்டு புள்ளிச் சுவர்க்கோழி, நம் பக்கத்திலும் இருக்கும் இனம். பெண்ணை அவளுடைய உடன்பிறந்த ஆண்கள் இருவரோடு மட்டும் சேர விட்டால் முட்டைகள் குறைவாகவே பொரித்தன. உடன்பிறந்தவன் ஒருவன், அந்நியன் ஒருவன் என்று சேர விட்டால், பொரிப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இரண்டு அந்நியர்களோடு சேர்ந்தவளுக்கு ஈடாகவே பொரித்தன. எந்த வரிசையில் சேர்ந்தாலும் அப்படித்தான். ஒரு சுவர்க்கோழிக்குத் தன் உடன்பிறப்பு யார் என்று சேரும் முன்பே தெரிந்து ஒதுங்குவது கடினமாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரிடமும் விந்து வாங்கிக்கொண்டால் உள்ளே சரிசெய்துகொள்ளலாம். இங்கே பல துணை என்பதே தேர்ந்தெடுக்க ஒரு வழி.

தேனீயில் கதை மறுபடி மாறுகிறது. ராணித் தேனீ வாழ்க்கையின் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் பறந்து போகும். ஆண் தேனீக்கள் வானத்தில் கூடி நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பறந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாக, சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்களோடு சேரும். நம் ஊர் மலைத்தேனீயில் இந்த எண்ணிக்கை இன்னும் பல மடங்கு. சேர்ந்த ஆணின் உறுப்பு பிய்ந்து, அது அங்கேயே விழுந்து சாகும். திரும்பி வந்த ராணி முட்டையிடத் தொடங்கிய பிறகு வாழ்நாளில் மறுபடி சேர்வதில்லை. அன்று வாங்கிய பல லட்சம் விந்தணுக்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காப்பாற்றிச் செலவழிக்கும்.

அந்த வேகத்தில், அந்த உயரத்தில் ராணி நின்று நிதானித்து ஆணைத் தேர்வதாகச் சொல்ல மாட்டேன். இங்கே லாபம் கலவையில் இருக்கிறது. தேனீயில் ஆணா பெண்ணா என்பதை ஒரே ஒரு மரபணு இடம் தீர்மானிக்கிறது. கருவுற்ற முட்டையில் அந்த இடத்தில் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே வகை வந்துவிட்டால், வேலைக்காரத் தேனீயாக வேண்டியது உதவாத ஆணாகிவிடும். அந்தப் புழுக்களை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். ராணி ஒரே ஒருவனோடு சேர்ந்து, அவன் அப்படிப்பட்டவனாக அமைந்துவிட்டால், அடையில் பாதி காலி. கூட்டமே அழிந்துபோகும். பன்னிரண்டு பேர் என்றால் அந்த ஆபத்து பன்னிரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளப்படுகிறது.

அதற்கு மேலும் உண்டு. 2007-இல் ஹெதர் மட்டிலாவும் தாமஸ் சீலியும் ராணிகளுக்குச் செயற்கையாக விந்து செலுத்திப் பார்த்தார்கள். சில ராணிகளுக்கு 15 ஆண்களின் விந்து, சிலவற்றுக்கு ஒரே ஆணின் விந்து. பல தகப்பன் கூட்டங்கள் வேகமாக அடை கட்டின, அதிகத் தேன் சேர்த்தன. ஒற்றைத் தகப்பன் கூட்டங்களில் ஒன்றுகூட அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அடை சூடானால் இறக்கையால் விசிறத் தொடங்கும் வெப்பநிலைகூடத் தகப்பனுக்குத் தகப்பன் கொஞ்சம் மாறுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் விசிறி, ஒரே நேரத்தில் நிறுத்தினால் சூடு ஏறி இறங்கும். சிலர் முன்னால், சிலர் பின்னால் என்றால் ஒரே சீராக நிற்கும். பெரிய குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வராமல் இருப்பது மாதிரி.

எல்லாம் பெண்ணுக்கு லாபம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் அவள் சேர்வது, மறுப்பதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம் என்பதால் மட்டுமே. நீர்நிலை மேல் ஓடும் நீர்ப்பூச்சிகளில் இது தெளிவாகத் தெரியும். ஆணை உதறப் போராடினால் சக்தி வீணாகும், மீனோ வேறு எதிரியோ பார்த்துவிடும். பழ ஈயில் ஆணின் விந்துத் திரவத்தில் உள்ள ஒரு புரதம் பெண்ணை அதிக முட்டையிட வைத்து, அடுத்த ஆணை மறுக்கவும் வைக்கிறது. அத்திரவத்துக்கு அவள் ஆயுளில் விலை கொடுக்கிறாள். வில்லியம் ரைஸ் 1999-இல் பிரெட் ஹாலந்தோடு சேர்ந்து 40-க்கும் மேற்பட்ட தலைமுறைகளுக்குப் பழ ஈக்களை ஒருவனுக்கு ஒருத்தி என்று வளர்த்தார். ஆண்கள் பெண்களுக்குச் செய்யும் கேடு மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. ஒரே ஒருத்தியின் பிள்ளைகள்தான் தன் பிள்ளைகள் என்றால் அவளைக் கெடுப்பதில் அவனுக்கு லாபமில்லை.

ஒரே முறை சேரும் பெண்களும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் அப்படித்தான். கால்நடைப் புண்ணில் புழு வைக்கும் அமெரிக்கத் திருகுப்புழு ஈயும் அப்படியே. இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்லிங்கின் ஒழிப்புத் திட்டம் உருவானது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாக விட்டால், அவற்றோடு ஒருமுறை சேர்ந்த பெண் மறுபடி தேடாது, முட்டை வீண். 1954-இல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில் சில மாதங்களில் அந்த ஈ ஒழிந்தது. பெண் எத்தனை முறை சேர்கிறாள் என்பது ஆய்வாளர்களின் வெறும் ஆர்வம் மட்டுமில்லை, மாட்டுக்காரர்களுக்கும் வேண்டிய செய்தி.

இதையெல்லாம் மனிதர்களுக்குப் பொருத்தி "இயற்கையே இப்படித்தான்" என்று இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பயறு வண்டுக்கும் சுவர்க்கோழிக்குமே ஒரே விதி பொருந்தவில்லை.

உங்களிடம் இன்னும் அந்தப் பயறு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சில பயறுகளின் தோலில் வட்டமாக, மங்கலான ஒரு ஜன்னல் போலத் தெரியும். உள்ளே வண்டு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனிச் சின்னக் குப்பியில் போட்டு, துணியால் மூடி வையுங்கள். வெளியே வரும் பெண்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரு ஆணோடு ஒரு முறை சேர விடுங்கள். பிறகு ஒரு கூட்டத்துக்கு ஈரப் பஞ்சு வையுங்கள், இன்னொன்றுக்கு வேண்டாம். அடுத்த நாள், அதற்கடுத்த நாள், புதிய ஆணை உள்ளே விட்டு, யார் ஏற்கிறாள், யார் விலகி ஓடுகிறாள், எத்தனையாவது நிமிடத்தில் உதை தொடங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டத்துக்கு இருபது பெண்களாவது இருக்கட்டும். முடிவை இங்கே போடுங்கள், நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.